ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது குடம்

சாத்தம்பொட்டலில் பிறக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று தெரிவதற்கு முன்னாலேயே லட்சம் தெரிந்துவிடும், ஏனென்றால் அந்த ஊரில் தாலாட்டே லட்சத்தில்தான் ஆரம்பிக்கும், தொட்டிலை ஆட்டுகிற அம்மா கிணற்றடியிலிருந்து வருகிற குரலைக் காதில் வாங்கி அதே எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சொல்லியே பிள்ளையைத் தூங்க வைத்துவிடுவாள். கிணற்றில் குடம் மேலே வரும்போதெல்லாம் அது எத்தனையாவது குடம் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூவ வேண்டும், அடுத்த உருளையில் நிற்கிற ஆள் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கூவ வேண்டும், அது அங்கே எழுதாத சட்டம். "ரெண்டு லட்சத்து நாலாயிரத்து ஏழு" என்று கிழக்கு உருளையில் ஒரு குரல் எழும்பும், "ரெண்டு லட்சத்து நாலாயிரத்து எட்டு" என்று தெற்கு உருளையில் இன்னொரு குரல் எழும்பும், நடுவில் யாருக்காவது தும்மல் வந்துவிட்டால் அரிவாள்மனையில் இருக்கிறவள் காயை அப்படியே வைத்துவிட்டு, சைக்கிளில் போகிறவன் ஒரு காலைத் தரையில் ஊன்றி, அந்த எண் பிறக்கும்வரை மொத்த ஊரும் காத்திருக்கும்.

ஒரு காலத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் பொட்டலில் கிணறு என்றால் உப்புதான், அதில் யாருக்கும் வருத்தமில்லை, வருத்தப்பட்டுப் பழகியிருந்தார்கள். அப்படியிருக்க ஒரு தை மாதத்தில் அது இளநீராக இனித்தது, ஆடி வரைக்கும் இனித்தது, ஆடியில் ஒரு நாள் இறக்கிய குடம் காய்ந்த குடமாக மேலே வந்தது. மறு தையில் மறுபடி தண்ணீர், மறு ஆடியில் மறுபடி காய்ந்த குடம். சரி, எண்ணித்தான் பார்ப்போமே என்று மூன்றாம் வருஷம் எண்ணினார்கள், ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது குடம் வந்தது, மழை பெய்த வருஷமும் அவ்வளவுதான், மழை பொய்த்த வருஷமும் அவ்வளவுதான். யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றால் குடம் நிறையாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு புத்திசாலி மட்டும் கல்யாண அண்டாவைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தான், அண்டாவின் அடியில் சரியாக ஒரு குடம் தண்ணீர் கிடந்தது, மூன்று பேர் சேர்ந்து தூக்கிய அண்டாவை வைத்துக்கொண்டு அவன் பட்ட அவமானத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிறகு அந்த எண்ணைக் கல்லில் வெட்டிக் கிணற்றடியில் நட்டு, மஞ்சள் பூசி, எண்ணாத்தா என்று பேரும் வைத்தார்கள். சத்தியம் செய்தால் அதன் மேல்தான் செய்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் சுழிக்குக் கீழே அதைத்தான் போட்டார்கள்.

அந்த எண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் திறந்து பார்த்தவள் பூரணம். அந்த ஊரிலேயே பிறந்து, மதுரைக்குப் போய்க் கணிதம் படித்து, திரும்பி வந்து அங்கேயே நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகிவிட்டவள். கல்யாணம் கூடி வரவில்லை, அதைப் பற்றிக் கேட்டால் எனக்கு நேரமில்லை என்பாள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு மத்தியானம், பிள்ளைகள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, சும்மா இருக்க முடியாமல் அந்த எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வகுத்துப் பார்த்தாள். இரண்டுக்கு வகுபட்டது, மூன்றுக்கு, நான்குக்கு, ஐந்துக்கு, ஆறுக்கு, ஏழுக்கு வகுபட்டது, ஏழுக்கு வகுபட்டதும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, பதினொன்றுக்கு வகுபட்டது, பதின்மூன்றுக்கும் வகுபட்டது, பதினாறு வரைக்கும் ஒன்றுவிடாமல் மீதி இல்லாமல் வகுபட்டது. எழுநூற்று இருபது என்பது ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லாவற்றையும் பெருக்கினால் வருவது. அதையே இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஆயிரத்தொன்றால் பெருக்கினதாக ஆகிறது. ஆயிரத்தொன்றைப் பிளந்தால் ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும் ஒரே வீட்டுச் சகோதரிகள் போல உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். பதினாறு வரைக்கும் இப்படி எல்லாருக்கும் சரியாகக் கொடுக்கிற எண்ணில் இதைவிடச் சின்னது கிடையாது என்று அவளுக்குப் புரிந்தபோது, பிள்ளைகள் விடைத்தாளை நீட்டிக்கொண்டு நிற்பதுகூடத் தெரியாமல் அழுதாள்.

ஊருக்கு அது எப்படிப் பயன்பட்டது என்றால், ஊரில் தண்ணீரை வகையறா வகையறாவாகப் பிரிப்பார்கள், வகையறா பெரிதோ சிறிதோ பங்கு ஒன்றுதான். பன்னிரண்டு வகையறா இருந்தபோது ஆளுக்கு அறுபதாயிரத்து அறுபது குடம் வந்தது. ஒரு சுவருக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டு பிரிந்து பதின்மூன்றானபோது, இனிக் கணக்கு குழம்பிப்போகும் என்று பயந்தார்கள், பூரணம் வகுத்துப் பார்த்து "ஒரு சொட்டுக்கூட மீதி இல்ல" என்றாள். பெண் கட்ட வந்து இங்கேயே தங்கிவிட்ட பரமக்குடிக்காரரைச் சேர்த்துப் பதினான்கு, மீதி இல்லை. ஆடு மேய்க்க வந்தவர்களைச் சேர்த்துப் பதினைந்து, மீதி இல்லை. இன்னொரு சுவர், இன்னொரு சண்டை, பதினாறு, ஆளுக்கு நாற்பத்தைந்தாயிரத்து நாற்பத்தைந்து, மீதி இல்லை. ஒவ்வொரு தடவையும் ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவள் "மீதி இல்ல" என்றதும் பெண்கள் குலவை போடுவார்கள், அன்றைக்கு முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவாது. இந்தச் சுகத்தில்தான் அவள் கெட்டாள்.

கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்தது அதற்குப் பிறகு. கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பைக் கனியவிட்டுக் கரியாக்கி விற்கிற ஆட்கள், சின்னதும் பெரியதுமாக இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். வேலை இருக்கிற இடத்தில் குடிசை போடுவார்கள், முள் தீர்ந்தால் கிளம்பிவிடுவார்கள். சாத்தம்பொட்டலில் முள் தீராது. அதனால் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்து, அவர்களில் இருளாயி என்பவள் புருஷன் நல்லுச்சாமியைக் கூட்டிக்கொண்டு ஊர்க்கூட்டத்துக்கு வந்து ஓரமாக நின்றாள். இரண்டு பேர் முகத்திலும் கண் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது.

"எங்க ஆளுகளுக்கும் ஒரு பங்கு போட்டுக் குடுங்க சாமி. சும்மா வேணாம், ஊருக்குக் கிணறு தூர் வாரணும், கம்மாய்க்கரை வெட்டணும்னா நாங்க வந்து நிப்போம்" என்றாள்.

ஊர்த்தலைவர் கோட்டைச்சாமி பூரணத்துக்குச் சித்தப்பா முறை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டார்.

"குடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு என்ன தாயீ? எண்ணாத்தா எடம் குடுக்கணுமில்ல. ஏத்தா பூரணம், பதினேழுக்கு வகுபடுதா பாரு."

பூரணத்துக்குத் தாளும் பென்சிலும் தேவைப்படவில்லை. பதினேழு நாற்பத்திரண்டாயிரத்து முன்னூற்றுத் தொண்ணூற்றைந்து, ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்றுப் பதினைந்து. மீதி ஐந்து.

"வகுபடாது சித்தப்பு. மீதி வருது" என்றாள்.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. மீதி என்கிற சொல்லை அந்தக் கூட்டத்தில் அதுவரை இல்லாத ஒன்றாகத்தான் சொல்லிக் கேட்டிருந்தார்கள், இப்போது அது வருகிறது என்றதும், ஏதோ கழிச்சல் நோய் பக்கத்து ஊர் வரைக்கும் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டவர்கள் மாதிரி பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். எம்புட்டு மீதி என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்பது பூரணத்துக்கு வாயைத் திறப்பதற்கு முன்பே தெரியும்.

"அப்புடியா டீச்சர்?" என்று இருளாயி அவளை மட்டும் பார்த்துக் கேட்டாள்.

"ஆமா" என்றாள் பூரணம்.

அவள் பொய் சொல்லவில்லை. வகுபடாது என்பது உண்மை, மீதி வரும் என்பதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளையும் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஏன் சொல்லவில்லை? பதினேழாகப் பிரித்தால் தன் வகையறாவுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் குடம் குறையும், பள்ளி விட்டு வந்ததும் இரண்டு குடம் ஊற்றிக் குளித்துப் பழகிய உடம்பு, அது ஒரு காரணம். ஆனால் அது சின்னக் காரணம்தான், அதை ஒத்துக்கொள்வதில் அவளுக்குச் சிரமம் இல்லை. பெரிய காரணம் ஒத்துக்கொள்ள முடியாததாக இருந்தது: தன்னுடைய எண் ஒரு இடத்தில் தோற்றுப்போவதைத் தன் வாயாலேயே ஐந்து என்று அளந்து சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மொத்தமாக ஒரு "வகுபடாது" சொல்லி அந்தப் பதினேழை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டால் உள்ளே எல்லாம் பழையபடி அழகாக இருக்கும். நிறுத்தியது பதினேழை அல்ல, ஆட்களை.

கரிமூட்டக்காரர்கள் மறுநாளே குடிசையைப் பிரித்துக்கொண்டு கம்மாய்க்கு அந்தப் பக்கம், முள்ளுக்காட்டுக்குள் போனார்கள். அங்கே ஊற்றுத் தோண்டினால் உப்பும் சேறுமாக ஏதோ கசியும் என்று கேள்வி. ஊர் அவர்களை மறந்தது. ஊருக்கு மறக்கிற வசதி இருந்தது, டீச்சர் கணக்குப் பார்த்தல்லவா சொன்னாள்.

மறு வருஷம் தை பிறந்து, தண்ணீர் வந்து, பதினாறு வகையறாவும் அவரவர் பங்கை இறைத்து முடித்து, "எழுநூத்தி இருபது" என்று கடைசி எண்ணைக் கூவிக் குலவையும் போட்டாகிவிட்டது. எப்போதும் போலக் காய்ந்த குடத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்பதற்காக ஒரு குடத்தை இறக்கினார்கள். அது தளும்பத் தளும்ப மேலே வந்தது. அடுத்த குடம்தான் காய்ந்து வந்தது.

"ஆத்தா ஒண்ணு கூடக் குடுத்திருக்கா" என்று முதலில் சந்தோஷப்பட்டார்கள். யாருக்கு என்ற கேள்வி வந்ததும் சந்தோஷம் நின்றது. சரி, பதினாறு சொம்பில் பிரித்து ஊற்றுவோம் என்று ஊற்றினார்கள், சொம்பில் விழுந்தது, விழுந்த சத்தமும் கேட்டது, எட்டிப் பார்த்தால் பதினாறு சொம்பும் காய்ந்து கிடந்தன, குடம் தளும்பிக்கொண்டிருந்தது. எண்ணாத்தா கல்லுக்கே அபிஷேகம் செய்தார்கள், கல் நனையவில்லை. வேப்பங்கன்றுக்கு ஊற்றினார்கள், மண் நனையவில்லை. தாகத்தோடு வந்த ஒரு பஸ் கண்டக்டருக்குக் கொடுத்தார்கள், அவர் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "என்னண்ணே, தண்ணியக் காட்டிட்டுத் தர மாட்டேங்கிறீங்க" என்று கோபித்துக்கொண்டு போனார்.

ஊர் பயந்தது என்று சொல்ல முடியாது, ஊருக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தில் வேலை செய்ய ஆரம்பித்தார்கள். பதினாறுக்குத்தானே ஒன்று மீதி, பதினைந்தாகிவிட்டால் சரியாகிவிடும் என்று கடைசியாகப் பிரிந்தவர்கள் சுவரை இடித்துவிட்டு ஒன்றாகச் சேர்ந்தார்கள், பூரணம் வகுத்துப் பார்த்தாள், ஒன்று மீதி. பெரியவர்கள் காலில் விழுந்து கெஞ்சி, முகம் பார்க்காமல் இருந்த முதல் அண்ணன் தம்பியையும் சேர்த்துவைத்தார்கள், பதினான்கு, ஒன்று மீதி. சம்பந்தம் பேசிக் குடும்பங்களை இணைத்தார்கள், அதில் இரண்டு நல்ல கல்யாணங்கள்கூட நடந்தன, பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று, ஒன்று மீதி, ஒன்று மீதி, ஒன்று மீதி. பழைய எண் எல்லாருக்கும் எப்படிச் சரியாகக் கொடுத்ததோ அப்படியே இந்தப் புது எண் எல்லாருக்கும் சரியாக ஒன்றை மிச்சம் வைத்தது.

"எதுக்குத்தான் வகுபடும்? ஒரு எண்ணையாவது சொல்லுத்தா" என்று கோட்டைச்சாமி கேட்டார்.

"எழுபத்தொண்ணுக்கு வகுபடும் சித்தப்பு. அதுக்குக் கீழ, ஒண்ணாயிட்டா உண்டு. ஊரே ஒரே வகையறா ஆகணும்."

"எழுபத்தொரு வகையறாவுக்கு எங்கிட்டுப் போறது? ஒண்ணாகுறதாவது, போன வாரம் சேத்து வச்சவனுகளே நேத்து திரும்பக் கட்டி உருண்டுருக்கானுக." அவர் பெருமூச்சு விட்டார். "கணக்கு உன்னுது. குடம் உன் வீட்டுலயே இருக்கட்டும்."

அப்படித்தான் அந்தக் குடம் பூரணத்தின் வீட்டு முற்றத்துக்கு வந்தது. புரட்டாசி வெயிலிலும் ஒரு சொட்டுக்கூட வற்றவில்லை. காலையில் வாசல் தெளிக்கப் போகும்போது தளும்பிக்கொண்டு நின்றது, பள்ளி விட்டு வரும்போது தளும்பிக்கொண்டு நின்றது, குனிந்தால் அவள் முகம் அதில் தெரிந்தது, அவள் குனிவதை விட்டுவிட்டாள். பாடம் நடத்தும்போது "மீதி" என்ற சொல் வந்தால் அதைத் தாண்டி அடுத்த கணக்குக்குப் போனாள். ஊரில் எல்லாரும் அந்த ஒன்று ஏன் வந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், கல்லுக்கு மஞ்சள் குறைந்துவிட்டது என்றார்கள், தீட்டு என்றார்கள், கூவும்போது எவனோ ஓர் எண்ணைத் தாண்டிவிட்டான் என்றார்கள். பூரணம் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் காரணம் தெரியும், தெரிந்து வைத்துக்கொண்டு சும்மா இருப்பது இது இரண்டாவது தடவை என்பதும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அந்தக் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கம்மாய்க்கரை ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். முள்ளுக்காட்டில் புகை தெரிந்த பக்கமாக நடந்தாள். ஒரு செவலை நாய் குரைத்துக்கொண்டு வந்தது, குடத்தைப் பார்த்ததும் குரைப்பதை விட்டுவிட்டுக் கூடவே நடந்தது.

"வாங்க டீச்சர்" என்றாள் இருளாயி. அவள் குரலில் கோபம் இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "இந்த வெயில்ல தண்ணியத் தூக்கிக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக."

"ஊர்ல மிச்சம் விழுந்துச்சு. யாருக்கும் ஆகல."

"உங்க ஊர்லதான் மிச்சமே விழுகாதுன்னாக?"

பூரணம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் நல்லுச்சாமியைப் பார்த்தாள். குடிசை நிழலில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தார், வேறு யாருடைய கைகளையோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல. தோல் உருகிச் சுருங்கி இறுகியிருந்தது. விரல்கள் மடங்கவும் இல்லை, ஒன்றோடொன்று சேரவும் இல்லை.

"கைக்கு என்னாச்சு?"

"மூட்டம் பிரிக்கயில வெந்து போச்சு டீச்சர்" என்றாள் இருளாயி. "உங்க ஊர்லருந்து வந்த மாசந்தான். மூட்டம் பிரிக்கணும்னா தண்ணி கையில இருக்கணும், இல்லாட்டிக் காத்து பூந்துரும். ஊத்துல ரெண்டு குடந்தான் ஊறியிருந்துச்சு. இருக்கட்டும், பாத்துக்கலாம்னு பிரிச்சோம். காத்து பூந்து பிச்சுக்கிட்டு எரியுது. பக்கத்துலயே குடிசையில பிள்ளைக தூங்குது. இவுக மண்ணக் கையால அள்ளி அள்ளிப் போட்டாக, நெருப்போட சேத்து அள்ளுனாக." அவள் சேலைத் தலைப்பால் புருஷனின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "பெருசா ஒண்ணும் வேணாம் டீச்சர். இன்னும் ஒரு அஞ்சு குடம் இருந்திருந்தா அவிச்சிருப்போம்."

பூரணம் கரித்தூள் கிடந்த தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இருளாயி, அன்னைக்கு மீதி அஞ்சு."

"எது டீச்சர்?"

"பதினேழாப் பிரிச்சா எல்லாருக்கும் ஒரே மாதிரி நாப்பத்திரெண்டாயிரம் குடத்துக்கு மேல வரும். உங்களுக்கும் வரும். எல்லாருக்கும் குடுத்தது போக அஞ்சே அஞ்சு குடம் நிக்கும். அதைத்தான் மீதி வருதுன்னு சொன்னேன். எம்புட்டுன்னு சொல்லல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

இருளாயி சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். மூட்டத்திலிருந்து வந்த புகை இரண்டு பேருக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

"அஞ்சு குடத்த எங்க ஊத்துறதுன்னு தெரியாமயா எங்கள அனுப்புனீக?" என்றாள். பிறகு, "என்னயக் கேட்டிருந்தா நாய்க்கு ஊத்தியிருப்பேன்ல டீச்சர்" என்றாள்.

பூரணம் அழுதாள். அவள் அழுகிறாள் என்பதற்காக இருளாயி ஒன்றும் இளகிவிடவில்லை. "அழுதுட்டுப் போங்க, தப்பில்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பில் அந்தக் குடத்துத் தண்ணீரை மொண்டு, புருஷனால் சொம்பைப் பிடிக்க முடியாது என்பதால் வாயில் வைத்துப் புகட்டினாள். அவர் குடித்தார். சொம்பு காலியானது, குடத்தில் ஒரு சொம்பளவு குறைந்தது. பிள்ளைகள் ஓடி வந்தன, மற்றக் குடிசைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஒரு வாய் ஒரு வாயாகக் குடித்தார்கள், அடியில் நின்றதை நாய்க்கு ஊற்றினார்கள். பூரணம் எட்டிப் பார்த்தாள். குடம் வெறும் குடமாக இருந்தது.

காலிக் குடத்தோடு ஊருக்குள் நுழைந்தவளைப் பார்த்து முதலில் கத்தியது ஒரு சின்னப் பெண், அப்புறம் தெருவே கத்தியது. மீதி போய்விட்டது! பெண்கள் குலவை போட்டார்கள், யாரோ அவள் நெற்றியில் மஞ்சளை அப்பினார்கள். கோட்டைச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, "கணக்கு டீச்சர்னா சும்மாவா! எப்புடித்தா தீத்த?" என்றார். அப்போது அவள் என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். சிரித்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குள் போயிருந்தால்கூட போதும், தெரிந்தும் சும்மா இருந்தது மூன்றாவது தடவையாகியிருக்கும், ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். கால் வீட்டுப் பக்கம்தான் இழுத்தது, அதை அவள் மறைக்கவில்லை.

"சித்தப்பு, போன வருசம் பதினேழாப் பிரிச்சிருந்தா மீதி அஞ்சு குடம்" என்றாள், நடுத்தெருவில், கிணற்றடியில் கூவுகிற அதே குரலில்.

குலவை நின்றது.

"அஞ்சாயிரமா?"

"அஞ்சு."

"அஞ்சே அஞ்சா?" கோட்டைச்சாமி சுற்றிலும் பார்த்தார். "அடியாத்தீ, இத அன்னைக்கே சொல்லியிருந்தா அவுகளையும் சேத்திருப்பமே."

"சேத்திருப்பீகளா சித்தப்பு?"

கோட்டைச்சாமி இடுப்புத் துண்டை அவிழ்த்து, உதறி, மடித்து, தோளில் போட்டு, மறுபடி எடுத்தார். தெருவில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள், அன்றைக்குச் சாயங்காலம் எந்த வீட்டிலும் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, வேறு எதுவும் பேசவும் இல்லை.

ஐப்பசியில் கோட்டைச்சாமியே கம்மாயைத் தாண்டிப் போனார். முதல் தடவை இருளாயி அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவர் திரும்பத் திரும்பப் போனார், வேறு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனார். தை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் குடிசைகள் ஊருக்குள் வந்தன. "மன்னிச்சுட்டியாக்கும்" என்று கிணற்றடியில் ஒருத்தி கேட்டதற்கு இருளாயி, "தண்ணி வேணும்ல. ரோசத்தையா குடிக்க முடியும்?" என்றாளாம். அது பூரணம் காதுக்கும் வந்தது. வர வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

இனிக் கிணறு தானாகவே கூட்டிக் கொடுத்துவிடும், பதினேழுக்கும் சரியாக வந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடியது. பூரணமும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள், பன்னிரண்டு குடம் கூட வந்தால் போதும், பதினேழுக்கு வகுபட்டுவிடும். ஒன்றிலிருந்து பதினேழு வரை எல்லாவற்றுக்கும் வகுபட வேண்டும் என்றால் ஒரு கோடியே இருபத்திரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரத்து இருநூற்று நாற்பது குடம் வர வேண்டும். கிணறு அப்படி ஒன்றும் கொடுக்கவில்லை. பழைய எண்ணையே கொடுத்தது. ஆளுக்குப் பங்கு குறைந்தது, முனகினார்கள், குளியலைச் சுருக்கிக்கொண்டார்கள், சேர்த்துவைத்த அண்ணன் தம்பிகளும் சம்பந்தக்காரர்களும் முன்பே பழையபடி பிரிந்துவிட்டிருந்தார்கள், பதினேழு வகையறாவும் இறைத்தது போக ஐந்து குடம் நிற்கும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது. அந்த ஐந்தை என்ன செய்வது என்று கூட்டம் போட்டு, கோயிலுக்கு என்றார்கள், பள்ளிக்கூடத்துக்கு என்றார்கள், குலுக்கிப் போடலாம் என்றார்கள். இருளாயி எழுந்து, "நாய்க்கு ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல்தொட்டி வைத்தார்கள்.

நல்லுச்சாமியால் கயிற்றைப் பிடிக்க முடியாது. அவர்கள் வகையறாவின் முறை வரும் நாட்களில் பூரணம் பள்ளி விட்டதும் நேராகக் கிணற்றடிக்கு வந்து மேற்கு உருளையில் நிற்பாள். அவள் இறைப்பாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைக் கூவுவார். வேறு எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சுண்ணாம்புக் கட்டி பிடித்த கைகளில் முதலில் கொப்புளம் வந்தது, பிறகு காய்த்துப்போனது, அதை யாரும் பார்த்துவிடாதபடி சேலைக்குள் வைத்துக்கொள்வாள், அவர் கைகளுக்கு முன்னால் அதைக் காட்ட அவளுக்கு வெட்கம்.

ஆடியில் கடைசி நாள் வந்தது. ஊரில் பாதிக்கு மேல் கிணற்றடியில் கூடியிருந்தது. கல்தொட்டிக்குப் பக்கத்தில் செவலை நாய் தனக்கு ஒன்றும் தெரியாததுபோலப் படுத்திருந்தது. "ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்திப் பதினஞ்சு" என்று நல்லுச்சாமி கூவினார், அதோடு எல்லார் பங்கும் முடிந்தது. பூரணம் அடுத்த குடத்தை இறக்கி இழுத்தாள். குடம் தளும்பிக்கொண்டு மேலே வந்தது. அவர் கூவவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். மல்லாத்தி வைத்த கைகளோடு அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த அஞ்ச நீங்க கூவுங்க டீச்சர்" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அரிவாள்மனைகள் நின்றன, தெருமுனையில் சைக்கிளில் வந்தவன் ஒரு காலைத் தரையில் ஊன்றினான், தொட்டிலில் கிடந்த பிள்ளை எண் வராததால் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. ஒருத்தரும் அவளை அவசரப்படுத்தவில்லை. ஒருத்தரும் அவளுக்குப் பதிலாகக் கூவவும் இல்லை.

"ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்திப் பதினாறு" என்றாள் பூரணம், கடைசியில். தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு அடுத்த குடத்தை இறக்கினாள். இன்னும் நான்கு இருந்தது.